கவிழ்த்துப் போட்ட ஒன்பதுகள்

எழுதுவது என் வேலை அல்ல. பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு தமிழில் நான் எழுதியதெல்லாம் ஊருக்குப் போட்ட கடிதங்களும் கடைச் சாமான் துண்டுகளும்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன், முன்பின் தெரியாதவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். இதை ஒருவருக்குச் சொல்ல வேண்டும். அவர் கேட்கமாட்டார். அதனால் எழுதுகிறேன்.

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். தயிர் வாளிகளுக்கும் ஐஸ்கிரீம் பெட்டிகளுக்கும் பிளாஸ்டிக் மூடி செய்கிற இடம். என்னை அங்கே சேர்த்துவிட்டவர் அத்தான், என் அக்காவின் கணவர். டென்மார்க்குக்கு வர வழி செய்ததும் அவர்தான். வந்த முதல் ஏழு வருடமும் அவர்கள் வீட்டின் கீழறையில் இருந்தேன். இங்கே நான் போட்ட முதல் குளிர்ச்சட்டை அவர் போட்டுக் கழித்தது. மொழி வகுப்பில் பதிய, கார் ஓட்டப் பழக, பல்லுப் பிடுங்க, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வந்து நின்றார். இதில் ஒன்றைக்கூட அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். பதிலுக்கு ஒருநாள் கோபப்பட்டிருக்கலாம்.

கீழறையில் இருந்த காலத்தில்தான் அந்தப் பழக்கம் தொடங்கியது. சனிக்கிழமைப் பின்னேரங்களில் முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டம் விளையாடுவோம். அத்தானும் அவருடைய ஒரு சிநேகிதரும் ஒரு பக்கம், நானும் இன்னொருவரும் மறுபக்கம். எங்கள் ஆட்களுக்குத் தெரியாத விளையாட்டல்ல. தெரியாதவர்களுக்கு இதை மட்டும் சொல்கிறேன்: இதில் ராசாவுக்கும் ராணிக்கும் பெரிய மதிப்பில்லை. ஜாக் என்கிற யாக்தான் பெரியது, அதற்கு அடுத்தது ஒன்பது. ஒன்பது கையில் வந்தால் மனிதனுக்கு முதுகு நிமிரும்.

அத்தானுக்குத் தோற்கத் தெரியாது. சத்தம் போடமாட்டார். தாளை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போவார். அடுத்த இரண்டு நாள் அந்த வீட்டில் கதை இருக்காது. அக்கா கறியை அவர் முன் வைத்துவிட்டு, உப்பு அளவோ என்று கேட்கப் பயந்து நிற்பாள். கீழே என் அறைக்கு அவளுடைய காலடிச் சத்தம் கேட்கும். அந்த இரண்டு நாளும் அது மெதுவாக இருக்கும். மூன்றாவது தடவை அப்படி நடந்த பிறகு நான் தோற்கத் தொடங்கினேன். வெட்டக்கூடிய இடத்தில் வெட்டாமல் விட்டேன். கடைசியில் என் கையில் யாக் மிச்சமிருக்க, வென்றது அவர்கள்தான் என்று தாள்களைக் கவிழ்த்து நடுவில் எறிந்து கலைத்துவிடுவேன். முந்நூற்றிநாலில் அது வழமையான விசயம். கணக்கு முடிந்துவிட்டால் மிச்சத் தாளை யாரும் விரித்துக் காட்டுவதில்லை. காட்டுவது அலட்டல்.

ஒருநாள் தேநீர் கொண்டுவந்த அக்கா என் தோளுக்கு மேலால் தாளைக் கண்டுவிட்டாள். நான் கவிழ்த்து எறிந்ததையும் கண்டாள். அன்றைக்கு என் தட்டில் மீன் துண்டு இரண்டு இருந்தது.

தனியாக வீடு எடுத்து வந்த பிறகும் அப்படியே விளையாடினேன். கல்யாணம் எனக்குச் சரிவரவில்லை. போக வேறு இடமும் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் ஒவ்வொரு சனிக்கிழமையும் தோற்றேன் என்று சொல்லமுடியாது. நாலுக்கு ஒன்று வெல்வேன், சந்தேகம் வராமல் இருக்க. அத்தான் எல்லோருக்கும் முன்னால் சொல்வார், இவனுக்கு வேலை தெரியும், தாள் தெரியாது என்று. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வருடத்து இளவேனிலில் தொழிற்சாலையில் அத்தானின் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். பதினெட்டு வருடம் ஒரு ஷிப்டுக்கு அவர் பொறுப்பாளராக இருந்தவர். புதிதாக வந்த முகாமையாளர், கணினியில் வேலை கூடிவிட்டது, உங்களுக்கு முதுகுவலியும் இருக்கிறது, ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தானே, பொதிகட்டும் பகுதியில் இலேசான வேலை பாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். கேக்கும் வெட்டினார்கள். அத்தான் அடுத்த திங்கட்கிழமை பொறுப்பாளரின் நீலச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மற்ற எல்லோரும் போடுகிற சாம்பல் சட்டையோடு பொதிகட்ட நின்றார். அவர் முன்பு வேலை பிரித்துக் கொடுத்த ஆட்கள் இப்போது அவருக்கு எது எங்கே அடுக்குவது என்று காட்டினார்கள். அவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டார். வீட்டில் அவர் கதைப்பது குறைந்துவிட்டது என்று அக்கா சொன்னாள். முந்நூற்றிநாலையும் விட்டுவிட்டார்.

அந்த மாரிக் குளிரில்தான் ஊழியர் சங்கம் போக்கர் போட்டி அறிவித்தது. பணம் இல்லை, சின்னக் கோப்பை ஒன்றுதான். வெல்பவரின் பெயர் கன்டீன் வாசலில் இருக்கிற மரப்பலகையில் பொறிக்கப்படும். பிறகு அவர் ஓல்போர்க்கில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு எங்கள் தொழிற்சாலையின் சார்பில் போவார். அந்தப் பலகையில் அதுவரை ஒரு தமிழ்ப் பெயரும் இல்லை. போக்கர் நான் கைத்தொலைபேசியில், முகம் தெரியாத ஆட்களோடு, வெறும் புள்ளிகளுக்கு விளையாடிப் பழகியது. அதில் நான் மோசமில்லை. பெயர்ப் பட்டியலில் என் பெயரை எழுத மூன்று நாள் யோசித்தேன். நான் எழுதிய அடுத்த நாள் பார்த்தால், எனக்கு மேலே இருந்த சின்ன இடைவெளிக்குள் அத்தானின் கையெழுத்து இருந்தது.

காரில் போகும்போது அவராகவே சொன்னார்: "உந்தப் பலகையில என்ர பேர் ஒருக்கா கிடக்கவேணும். பிறகு சந்தோசமாப் போவன்."

அவர் அப்படி ஒன்றை விரும்பிக் கேட்டதை நான் முன்பு கண்டதில்லை.

போட்டியின் விதிகளை நாலு பக்கத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். தரம் பார்க்கும் பகுதியில் வேலை செய்கிற ஒரு டேனிஷ்காரர்தான் நடுவர். தாளும் அவர்தான் பங்கிடுவார். வார இறுதிகளில் பெரிய போட்டிகளுக்குப் போய்வருகிறவர், இப்படியான விசயங்களில் சிரிக்கமாட்டார். நான் அந்த நாலு பக்கத்தையும் வாசித்தேன். பலர் வாசிக்கவில்லை. விளங்கவில்லை என்று நான் சொல்லமுடியாது.

போக்கரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு தாள் கவிழ்த்துக் கொடுப்பார்கள். மேசை நடுவில் ஐந்து தாள் எல்லோருக்கும் பொதுவாக விரிபடும். இடையிடையே, காசுக்குப் பதிலான பிளாஸ்டிக் வில்லைகளை வைத்துப் பந்தயம் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒருவர் கூட்டும்போது, எனக்கு வேண்டாம் என்று தாளைக் கவிழ்த்து எறிந்துவிட்டு விலகலாம். அப்படி விலகியவரிடம் என்ன தாள் இருந்தது என்று யாரும் கேட்கமுடியாது. ஆனால் கடைசிவரை நின்று, ஒருவர் தன் வில்லை முழுவதையும் தள்ளிவிட, மற்றவரும் அதற்குச் சம்மதித்துவிட்டால், அதன் பிறகு இருவரும் தாளை விரித்துக் காட்டத்தான் வேண்டும். தோற்றேன் என்று மறைத்து எறிய முடியாது. வாயால் சொல்வது கணக்கில்லை, மேசையில் விரிந்த தாள்தான் கணக்கு. ஏன் இந்த விதி என்று கீழே ஒரு வரியும் இருந்தது: ஒருவர் தன் வில்லைகளை இன்னொருவருக்கு இரகசியமாகக் கொடுக்காமல் இருப்பதற்காக.

இன்னொரு விதியும் இருந்தது. மேசையில் டேனிஷ் மட்டும்தான் பேசலாம். இருபத்தைந்து வருடத்தில் அத்தானோடு நான் ஒரு சொல் டேனிஷ் பேசியதில்லை. அந்த மொழியில் பெரியவரும் சின்னவரும் எல்லோரும் நீதான். அவரை நீ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் அன்று முழுவதும் அவரைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னிடம் பேசினார், நான் தலையாட்டினேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு கன்டீனில் தொடங்கினார்கள். நாலு மேசை, முப்பது பேர் அளவில். மத்தியானம் பாணும் இறைச்சிப் பேஸ்ட்டும் வைத்தார்கள். அத்தான் நன்றாக விளையாடினார். அவருக்கு இந்த விளையாட்டின் நுணுக்கம் தெரியாது, ஆனால் மற்றவர்களின் முகம் தெரியும். அத்தனை வருடம் அவர்களை மேய்த்தவர். யாருக்கு எப்போது பயம் வரும் என்று அவருக்குப் பாடம். பழைய ஷிப்ட் ஆட்கள் அவர் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று பகிடி விட்டார்கள். அவரும் பதிலுக்கு விட்டார். என்னைக் காட்டி, இவன் தாளைப் பிடிப்பதைப் பாருங்கள், பூனைக்குட்டியைப் பிடிப்பது மாதிரி, நசுங்கிவிடும் என்று பயப்படுகிறான் என்று டேனிஷில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பல மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் பழைய களையைக் கண்டேன்.

இரண்டரை மணிக்கு ஒரு மேசைதான் மிச்சம். அதில் மூன்று பேர்: அத்தான், நான், பொதிகட்டும் பகுதியில் வேலை செய்கிற ஒரு டேனிஷ் பெண். அறுபது வயதிருக்கும். அத்தானுக்கு இப்போது பக்கத்தில் நின்று வேலை செய்பவள். எனக்கும் நல்ல பழக்கம். தோட்டத்து அப்பிள்களைப் பையில் கொண்டுவந்து தருவாள். அவளிடம்தான் வில்லைகள் கூட. எனக்கு நடுத்தரம். அத்தானிடம் குறைவு. மச்சான்மார் இரண்டு பேரையும் ஒரே காரில் வீட்டுக்கு அனுப்பினால் பெட்ரோல் மிச்சம் என்று அவள் சொல்ல, வண்டி நான்தான் ஓட்டுவேன், பின் சீட்டில் உனக்கும் இடம் இருக்கிறது என்றார் அத்தான்.

அடுத்த சுற்றில் எனக்கு இரண்டு ஒன்பது வந்தது.

நடுவில் முதலில் விரிந்த மூன்றில் ஒரு ராசா, ஒரு ஒன்பது, ஒரு நாலு. ஆக எனக்கு மூன்று ஒன்பது. அந்தப் பெண் விலகிவிட்டாள். அத்தான் கொஞ்சம் கூட்டினார், நான் சம்மதித்தேன். நாலாவதாக ஒரு ராணி வந்தது. அத்தானின் பெருவிரல் வில்லை அடுக்கின் மேல் ஒருதரம் தட்டியது. அந்தத் தட்டு எனக்குத் தெரியும். முந்நூற்றிநாலில் நல்ல தாள் சேர்ந்தால் தட்டுவார். ராசாவும் ராணியும் அவர் கையில் இருக்கிறது, இரண்டு சோடி சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறார், வென்றுவிட்டதாக நினைக்கிறார் என்று விளங்கியது. கடைசித் தாள் ஒரு இரண்டு. அதனால் ஒருவருக்கும் பலனில்லை. அத்தான் தன் வில்லைகள் முழுவதையும் இரண்டு கையாலும் நடுவுக்குத் தள்ளினார்.

மூன்று ஒன்பது இரண்டு சோடியை வெல்லும். நான் சம்மதித்து விரித்தால் அத்தான் அந்த இடத்திலேயே வெளியே.

அப்போது நான் செய்யவேண்டியிருந்தது மிகச் சின்ன விசயம். தாளைக் கவிழ்த்து எறிந்து விலகியிருக்கவேண்டும். விதிக்குள் நடக்கிற காரியம். ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். நடுவில் இருந்தது அத்தானுக்குப் போயிருக்கும், அவர் தொடர்ந்து விளையாடியிருப்பார்.

நான் விலகவில்லை. விலகினால் அவருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான், அந்தப் பெண்ணோடு நின்றுபிடிக்கப் போதாது என்று கணக்குப் போட்டேன். சம்மதித்துவிட்டுத் தோற்றால் அவரிடம் இரண்டு மடங்காகும். இப்படித்தான் அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு பல நாள் யோசித்துப் பார்த்ததில், அது மட்டும் இல்லை. குளிர்ச்சட்டையிலிருந்து வேலைவரை அந்த மனிதரிடம் வாங்கிக்கொண்டே இருந்தவன் நான். ஒருதரம் நிறையக் கொடுக்க ஆசைப்பட்டேன். அதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. அந்த ருசி எவ்வளவு கேவலமானது என்று இப்போது தெரியும்.

சம்மதம் என்றேன். அத்தான் ராசாவையும் ராணியையும் விரித்தார். பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். அவர் என்னைப் பார்த்தார், தாள் தெரியாதவனை எத்தனையோ சனிக்கிழமைகளில் பார்த்த அதே பார்வை. நான் தோல்வியை ஒப்புக்கொள்கிற மாதிரி மேசையில் இரண்டு தரம் விரலால் தட்டிவிட்டு, என் தாள் இரண்டையும் கவிழ்த்தபடி கழிவுத்தாள் பக்கம் எறிந்தேன்.

கை பழகியபடி செய்தது. எறிந்த பிறகுதான் அந்த நாலு பக்கத்தில் மூன்றாவது பக்கம் எனக்கு ஞாபகம் வந்தது.

நடுவர் தன் உள்ளங்கையை என் தாள்களின் மேல் வைத்தார். கழிவோடு சேரமுன் பிடித்துவிட்டார். சத்தமில்லாமல், நேற்றுப் பிறந்த பிள்ளைக்குச் சொல்வது போல விதியைச் சொன்னார். ஒருவர் முழுவதையும் வைத்திருக்கிறார், இரண்டு பேரும் விரிக்கவேண்டும். வேண்டாம், நான் தோற்றுவிட்டேன் என்றேன். அது தாள் சொல்லவேண்டியது என்று சொல்லிவிட்டு அவர் தாள்களைத் திருப்பினார்.

இரண்டு ஒன்பதும் அந்த மூன்றாவது ஒன்பதுக்குப் பக்கத்தில் கிடந்தன.

கை தட்டியவர்களில் ஒருவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவரும் நிறுத்தினார்.

நடுவர் எனக்கு ஒரு வழி விட்டார், அதை நான் மறக்கக்கூடாது. உன் தாளைப் பிழையாகப் பார்த்துவிட்டாயா என்று கேட்டார். ஓம், கவனிக்கவில்லை என்றேன். கண்ணாடி போடாமல் விட்டுவிட்டேன் என்றும் சொன்னேன். கண்ணாடி என் மூக்கில் இருந்தது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. காலையிலிருந்து ஒரு தாளைக்கூட இவன் பிழையாகப் பார்த்ததில்லை என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மேசையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு, "நாங்கள் மூன்று பேர் விளையாடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு நான் என்ன செய்தேன் என்று அந்தக் கணம்வரை எனக்குத் தோன்றவே இல்லை. அவள் அந்த மேசையில் இருக்கிறாள் என்பதே என் கணக்கில் இருக்கவில்லை.

நடுவர் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரோடு ஒதுங்கி நின்று கதைத்தார். திரும்பி வந்து முடிவைச் சொன்னார். மூன்று ஒன்பது வென்றது, ஆகவே அத்தான் மூன்றாமிடத்தோடு வெளியே. மறைத்து எறிந்ததற்காக எனக்குத் தண்டனை, என் வில்லைகளும் மேசையிலிருந்து எடுக்கப்படும், நானும் வெளியே. அந்தப் பெண் வென்றாள். வில்லைகளை எண்ணாமலே எழும்பினாள். கோப்பையை வாங்கும்போது படம் எடுத்தார்கள். அதில் அவள் சிரித்த மாதிரித் தெரியவில்லை.

அத்தானுக்குச் சந்தேகம் வரவேண்டிய தேவையே இருக்கவில்லை. கன்டீனில் நின்ற எல்லோருக்கும் ஒரே விதமாக விளங்கியது: கிழவர் பாவம் என்று மச்சான் விட்டுக்கொடுத்திருக்கிறான். ஒரு பழைய ஷிப்ட் ஆள் வந்து அத்தானின் தோளில் தட்டினார். நல்ல மச்சான் உங்களுக்கு என்றார். கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் அத்தான் பதில் வைத்திருந்திருப்பார். அவர் தன் ராசாவையும் ராணியையும் நடுவரிடம் ஒழுங்காக அடுக்கிக் கொடுத்துவிட்டு, கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டு, எல்லோருக்கும் கை கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கும் கொடுத்தார். எனக்கு மேற்சட்டையை எடுத்துவந்து தந்தார்.

கார் நிறுத்துமிடத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. நாலு மணிதான், ஆனால் விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. அவர் காரில் ஏறி, சாவியைப் போட்டு, இயக்காமல் இருந்தார். அன்றைக்கு முதல் தடவையாகத் தமிழில் கதைத்தார்.

"ஒன்பதைக் கவனிக்கேல்லையோ?"

"இல்லை அத்தான்."

"கையில ரண்டு. மேசையில ஒண்டு."

"ஓம்."

"இத்தினை வருசமா முந்நூற்றிநாலு விளையாடுறனி. ஒன்பதைக் கவனிக்கேல்லை."

நான் முன்கண்ணாடியில் விழுந்த துளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இறங்கி நடந்துபோயிருக்கலாம். வீடு அரை மணித்தியால நடைதான்.

"வீட்டிலயும் உப்பிடித்தானோ?"

பொய் சொல்ல எனக்கு வராது என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. இருபது வருடம் கையால் சொன்ன பொய்தானே. அந்த இடத்தில் வாயாலும் ஒன்று சொல்லியிருக்கவேண்டும். இல்லை அத்தான், வீட்டில் நீங்கள்தான் வென்றீர்கள் என்று உடனே சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நம்ப விரும்பித்தான் கேட்டார். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணக்கூடிய அளவுக்குப் பேசாமல் இருந்தேன்.

"எப்ப இருந்து?"

"அத்தான்..."

"கீழறையில இருக்கேக்கயோ?"

நான் தலையைக் குனிந்தேன். அவர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கின் தையலை நகத்தால் தடவிக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அது வந்திருந்தால் நன்றாயிருக்கும்.

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது" என்றேன். கேட்டு முடிக்கமுன் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ ஆட்களின் முகத்தில் பயத்தைப் பார்த்துப் பழகிய கண். பார்த்துவிட்டு, தலையை ஒருதரம் ஆட்டிவிட்டு, காரை இயக்கினார்.

இப்போது அவர் எதையெல்லாம் திருப்பிப் பார்த்திருப்பார் என்று யோசிக்கிறேன். இருபது வருடத்துச் சனிக்கிழமைகள். தான் சிரித்த சிரிப்பு. இவனுக்குத் தாள் தெரியாது என்று ஆட்களுக்கு முன்னால் சொன்னது. அதைக் கேட்டுக்கொண்டு தேநீர் வைத்துவிட்டுப் போன மனைவி. நான் அவருக்குச் செய்ததை மரியாதை என்று நினைத்திருந்தேன், கொஞ்சம் நன்றி என்றும். அதற்குப் பெயர் என்ன என்று அன்று கன்டீனில் எல்லோரும் அறிந்துகொண்டார்கள். பதினெட்டு வருடம் பார்த்த வேலையைக் கேக் வெட்டி எடுத்தவர்கள்கூட அவருக்கு இந்த அளவு செய்யவில்லை. அவர்கள் எடுத்தது முன்னுக்கு மிச்சமிருந்த கொஞ்சக் காலத்தை. நான் எடுத்தது பின்னுக்குக் கழிந்துபோனதை.

எனக்கும் கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு மனிதன் தாள் விளையாட்டில் தோற்றதற்காக வீடே இரண்டு நாள் மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும் என்றால் அது யாருடைய பிழை? அந்த நாட்களில் ஒருதரமாவது அவர் தோற்றுவிட்டுச் சிரித்திருந்தால் நான் என் யாக்கை மேசையில் போட்டிருப்பேன். எனக்கும் வெல்லப் பிடிக்கும். அந்தப் பலகையில் என் பெயரும் வந்திருக்கலாம். அன்று அந்த மேசையில் திறமாக விளையாடிக்கொண்டிருந்தது நான்தான். இதையெல்லாம் காரில் இருக்கும்போது நினைத்தேன். ஆனால் எதையும் அவரிடம் சொல்ல முடியாது. சொன்னால் அதுவும் உண்மையாகிவிடும்.

வழியில் அவர் வானொலியைப் போட்டார். நாளைக்குக் காற்று பலமாக இருக்கும், பாலம் மூடுவார்களாம் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டு வாசலில் நிறுத்தினார். நான் இறங்கியபோது, "படியில பார்த்து ஏறு, வழுக்கும்" என்றார். எப்போதும் சொல்கிற குரல்தான். கதவைச் சாத்தியதும் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை ஊழியர் சங்கத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. போட்டியில் கூட்டுச் சேர்ந்து விளையாடிய காரணத்தால் இரண்டு வருடத்துக்குச் சங்கத்தின் போட்டிகள் எதிலும் கலந்துகொள்ள முடியாது என்று இருந்தது. மேலே பெறுநர் வரியில் இரண்டு முகவரிகள் இருந்தன, முதலாவது அத்தானுடையது.